தொடரும் கல்லும்: வேங்கடம் சூழ்ந்த நிலப்பகுதியில் நாய் வளர்த்தோர் வழக்கமும் கருத்தும்

முன்னுரை

தமிழ் இலக்கியத்தில் நாய் இருவேறு மதிப்புகளுடன் இடம்பெறுகிறது. பக்தி இலக்கியத்தில் அடியவர் தம்மைத் தாழ்த்திக்கொள்ளும் இடங்களில் 'நாயேன்' என்னும் சொல் பயின்று வருகிறது. வழக்கிலும் 'நாய்' என்பது வசைச்சொல்லாகவே நிலைத்துவிட்டது. ஆயினும் அதே மொழி வழங்கிய நிலத்தில், நாய் ஒன்றின் பெயரையும் செயலையும் கல்லில் பொறித்துப் போற்றிய மக்களும் வாழ்ந்தனர். இவ்விரு மதிப்புகளும் ஒரே சமூகத்தில் எவ்வாறு ஒருங்கே நிலவின என்பது ஆய்வுக்குரிய வினாவாகும்.

நாயைப் பற்றிய கருத்துகள் நாயின் இயல்பிலிருந்து மட்டும் தோன்றியவை அல்ல. அவற்றைக் கூறுவோர் நாயோடு கொண்டிருந்த உறவிலிருந்து தோன்றியவை. வேட்டைக்கும் காவலுக்கும் நாயை நம்பியிருந்தோர் ஒருவகையாகவும், அத்தகைய தேவையற்றோர் வேறுவகையாகவும் அதனை மதித்தனர். இக்கருத்தை இன்றைய சித்தூர், திருப்பதி மாவட்டங்களையும் அவற்றை ஒட்டிய தொண்டை மண்டலப் பகுதிகளையும் களமாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. ஒப்பீட்டின் பொருட்டுக் கன்னட நாட்டுச் சான்று ஒன்றும் எடுத்துக்கொள்ளப்படுகிறது.

நிலப்பகுதி

சங்க இலக்கியம் தமிழகத்தின் வடவெல்லையாகக் கூறும் வேங்கடம் இன்றைய திருப்பதி மலைத்தொடராகும். புல்லி என்னும் தலைவன் இம்மலை நாட்டை ஆண்டதை அகநானூற்றுப் பாடல்கள் குறிப்பிடுகின்றன. ஆங்கிலேயர் ஆட்சியில் வட ஆர்க்காடு மாவட்டத்தின் பகுதியாயிருந்த சித்தூர், 1911ஆம் ஆண்டு தனி மாவட்டமாயிற்று. அம்மாவட்டத்திலிருந்த திருத்தணிப் பகுதி 1960இல் சென்னை மாநிலத்துடன் இணைக்கப்பட்டது. 2022ஆம் ஆண்டு திருப்பதி தனி மாவட்டமாக அமைந்தபோது திருக்காளத்தியும் குடிமல்லமும் அதனுள் அடங்கின. இன்றைய எல்லைக் கோடுகள் அண்மைக் காலத்தவை. ஆதலின் பண்டைய வாழ்க்கையை ஆராயும்போது சித்தூர், திருப்பதி, வேலூர், இராணிப்பேட்டை, திருவண்ணாமலைப் பகுதிகளைத் தொடர்புடைய நிலப்பரப்பாகக் கொள்வதே பொருத்தமாகும்.

மொழியிலும் இத்தொடர்பைக் காணலாம். தமிழிலும் கன்னடத்திலும் 'நாய்' என்னும் சொல்லும் அதன் வடிவமும் வழங்க, தெலுங்கில் 'குக்க' என்னும் சொல் பெருவழக்காயுள்ளது. இதனோடு ஒலியொப்புமையுடைய 'குக்கல்' என்னும் சொல் தமிழிலும் நாயைக் குறிக்க வழங்கியது. ஞமலி, ஞாளி, சுணங்கன், எகினம் என நாய்க்குத் தமிழில் பல பெயர்கள் உள்ளன. இவற்றுள் 'ஞமலி' என்பதனைப் பூழி நாட்டு வழக்காகத் தொல்காப்பிய உரையாசிரியர்கள் காட்டுவர்.

மரபியல் காட்டும் வேட்டைச் சூழல்

தொல்காப்பிய மரபியல், நாய், பன்றி, புலி, முயல் ஆகிய நான்கின் இளமைக்கும் 'குருளை' என்னும் பெயரை உரியதாக்குகிறது. பெண்பாற் பெயராகிய 'பிணவு' பன்றி, புல்வாய், நாய் என்னும் மூன்றற்கும் உரியது என்கிறது. மனிதனோடு வீட்டில் வாழும் நாய், பசுவோடும் எருமையோடும் சேர்த்துக் கூறப்படவில்லை. பன்றியோடும் முயலோடும் புல்வாயோடும் வைத்துக் கூறப்படுகிறது. இவை வேட்டையில் நாய் எதிர்கொள்ளும் விலங்குகளாகும். நாய்க்கும் அதன் இரைக்கும் பொதுப்பெயர் வழங்கிய இம்மரபு, நாயைக் காட்டில் கண்டு பழகியோரின் பேச்சிலிருந்து உருவாகியிருக்கலாம் எனக் கருத இடமுண்டு.

பாட்டுகளில் நாய் வளர்ப்பு

தொண்டை மண்டலத்து எயினரின் அன்றாட வாழ்க்கையைக் கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை விரிவாகக் காட்டுகிறது. இதன் பாட்டுடைத் தலைவன் காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன். இந்நூலில் நாய் மூன்று நிலைகளில் இடம்பெறுகிறது. முதலாவது வேட்டை: எயினர் நாய்களுடன் புதர்களை அலைத்து, வேலிபோல வலைகளைத் தொடர்ந்து கட்டி, வெருண்டோடும் முயல்களை வளைத்துப் பிடிக்கின்றனர். இரண்டாவது காவல்: அவர்தம் அரணமைந்த இல்லங்களில் நாய்கள் தொடரால் கட்டப்பட்டுள்ளன. மூன்றாவது விருந்து: நாய் பிடித்துத் தந்த உடும்பின் பொரியல் வழிப்போக்கரான பாணர்க்கு வீடுதோறும் கிடைக்கும் என்று ஆற்றுப்படுத்தப்படுகிறது.

இம்மூன்றாம் செய்தி நோக்கத்தக்கது. விருந்தினர்க்குப் படைக்கும் உணவை 'நாய் தந்தது' என்று கூறுவதில் எத்தகைய கூச்சமும் இல்லை. வீட்டின் உழைப்பில் நாய்க்குரிய பங்கு வெளிப்படையாக ஏற்கப்படுகிறது. செங்கண்மாவை ஆண்ட நன்னனைப் பாடும் மலைபடுகடாமிலும் இதனை ஒத்த செய்தி உண்டு. அந்நாட்டுச் சிற்றூரில் விருந்தினர்க்கு அளிக்கும் உணவில், பெண்நாய் துரத்திப் பிடித்த விலங்கின் தசையும் சேர்கிறது. செங்கண்மா இன்றைய செங்கம் என்பது பின்னர்க் காணப்போகும் நடுகற்சான்றோடு இணைத்து நோக்குதற்குரியது.

தொடர் என்பது சங்கிலி. நாயைக் கட்டிய அத்தொடரே புறநானூற்று 74ஆம் பாடலில் முற்றிலும் மாறுபட்ட பொருளைத் தருகிறது. சோழன் செங்கணானிடம் சிறைப்பட்ட சேரமான் கணைக்கால் இரும்பொறை, தண்ணீர் கேட்டுக் காலந்தாழ்த்துப் பெற்று, அதனைப் பருகாது பாடியதாகக் கூறப்படும் பாடல் அது. அதில் அவன் தன் சிறைநிலைக்குத் தொடரில் கட்டுண்ட நாயை உவமையாக்குகிறான். எயினன் இல்லத்தில் தொடர் என்பது காவலின் அடையாளம். அரசன் வாயில் அது இழிவின் அடையாளம். பொருள் ஒன்றே, நோக்கும் இடம் வேறு. நாய் வளர்த்தோர் கருத்தும் வளர்க்காதோர் கருத்தும் பிரியும் இடத்தை இவ்வொரு சொல்லே காட்டிவிடுகிறது.

எடுத்தனூர் நடுகல்

நாயின் உடையவரைச் சார்ந்த சமூகம் நாயை எவ்வாறு மதித்தது என்பதற்கு நேரடிச் சான்று நடுகல்லில் கிடைக்கிறது. திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் பகுதியிலுள்ள எடுத்தனூர் நடுகல், பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, ஏறத்தாழ கி.பி. 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியது. தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1972இல் வெளியிட்ட 'செங்கம் நடுகற்கள்' இப்பகுதிக் கற்களை ஆய்வுலகிற்கு அறிமுகப்படுத்தியது.

வாணகோ அரைசரின் மருமக்களுள் ஒருவரான பொற்றொக்கையாரின் இளமகன், அதாவது வீரன், கருந்தேவகத்தி என்பான் எருமைகளைக் காக்கும் பூசலில் இறந்தான் என இக்கல் கூறுகிறது. அத்துடன் செய்தி முடிந்திருப்பின் இது பிற நடுகற்களுள் ஒன்றாகவே அமைந்திருக்கும். ஆனால் கல்வெட்டு மேலும் தொடர்கிறது. 'கோவிவன்' என்னும் நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற செய்தியையும் பதிவு செய்கிறது. வீரனின் உருவத்தோடு நாயின் உருவமும் கல்லில் செதுக்கப்பட்டுள்ளது.

இப்பதிவில் மூன்று செய்திகள் அடங்கியுள்ளன. முதலாவது, நாய்க்குத் தனிப்பெயர் இருந்தது. அப்பெயர் கல்லில் எழுதும் அளவிற்கு ஊரார்க்கு அறிமுகமாயிருந்தது. இரண்டாவது, நாயின் செயல் எண்ணிக்கையுடன் கூறப்படுகிறது. வீரர்களின் வெற்றிகளைக் குறிப்பிடும் அதே முறையில் 'இரு கள்வர்' என்று பதிவாகியுள்ளது. மூன்றாவது, உடையவன் இறந்த பின்னரும் நாய் தன் கடமையில் நின்றது என்பதே கல்லை எழுப்பியோர் நினைவில் நிறுத்த விரும்பிய செய்தியாகத் தோன்றுகிறது. வீரனுக்குரிய பெயரும் பீடும் நாய்க்கும் உரியவையாயின.

கால்நடையே செல்வமாயிருந்த நாட்டில் இது வியப்பிற்குரியதன்று. இரவில் தொழுவத்தை அணுகும் கள்வனை முதலில் அறிவது நாய். அதன் குரல் எழாவிடின் ஊரின் செல்வம் ஒரே இரவில் பறிபோகக்கூடும். ஆகவே நாயின் நன்றி என்பது இம்மக்களுக்கு அறநூற் கருத்தாக மட்டும் இருக்கவில்லை. வாழ்க்கைப் பாதுகாப்பாகவும் இருந்தது.

இக்கல் குறிப்பிடும் வாணகோ அரைசர் பாணர் மரபினர். இம்மரபினர் ஆண்ட பெரும்பாணப்பாடி சித்தூர்ப் பகுதியையும் தழுவியது. இன்றைய திருப்பதி மாவட்டத்துக் குடிமல்லம் பரசுராமேசுவரர் கோயிலின் பல்லவர்காலக் கல்வெட்டுகளில் பாண மன்னர் குறிப்பிடப்படுகின்றனர். ஆதலின் கோவிவனின் கல் செங்கத்தில் நின்றாலும், அது காட்டும் ஆநிரைச் சமூகமும் அரசியல் சூழலும் சித்தூர் நிலப்பகுதிக்கு அயலானவை அல்ல.

ஆதகூர்க் கல்லும் தக்கோலப் போரும்

மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் இதே நிலப்பகுதியில் நிகழ்ந்த பெரும்போர் ஒன்றோடு மற்றொரு நாயின் வரலாறு பிணைந்துள்ளது. கி.பி. 949ஆம் ஆண்டு தக்கோலத்தில் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் படை சோழர் படையை வென்றது. முதலாம் பராந்தகனின் மகன் இராசாதித்தன் யானைமீதிருந்தவாறே வீழ்ந்தான். கிருஷ்ணனுக்குத் துணைநின்ற கங்க மன்னன் இரண்டாம் பூதுகனின் வீரருள் ஒருவன் மணலேரன். கர்நாடகத்தின் மண்டியா மாவட்டத்து ஆதகூரில் கிடைத்து, பின்னர்ப் பெங்களூர் அரசு அருங்காட்சியகத்திற்குக் கொண்டுசெல்லப்பட்ட கன்னடக் கல்வெட்டு இச்செய்திகளைத் தருகிறது.

மணலேரனின் வீரத்தை மெச்சிய பூதுகன், வேண்டுவதைக் கேட்குமாறு கூறினான். மணலேரன் கேட்டது 'காளி' என்னும் வேட்டைநாயை. அதனைப் பெற்று வந்து பேளதூர் மலைப்பகுதியில் பெரும் பன்றி ஒன்றின்மீது ஏவியபோது, நாயும் பன்றியும் ஒன்றையொன்று கொன்று மடிந்தன. நாயின் நினைவாகக் கோயில் முன் கல் நாட்டப்பட்டது, நிலமும் அளிக்கப்பட்டது. அக்கல்லுக்குப் பூசை செய்யாமல் உண்ணும் பூசகர் பாவத்திற்கு உள்ளாவார் என்றும் கல்வெட்டு விதிக்கிறது. நாய் பன்றியோடு பொருதும் காட்சி கல்லின் மேற்பகுதியில் செதுக்கப்பட்டுள்ளது.

கோவிவனும் காளியும் இரு வேறு நிலையினரின் நாய்கள். கோவிவன் ஒரு குறுநிலத் தலைவரைச் சார்ந்த வீரனின் தொழுவத்தைக் காத்தது. காளி அரசனிடமிருந்து பரிசிலாகப் பெறப்பட்டது. எனினும் பெயரிடுதல், செயலைப் பதிவு செய்தல், இறப்புக்குப் பின் நினைவைப் போற்றல் ஆகிய வழக்கங்களில் இரண்டும் ஒருமைப்பாடு உடையன. மொழியும் அரசும் வேறாயினும் நாய் வளர்த்தோரின் மனநிலை ஒன்றாயிருந்தமை இதனால் புலனாகிறது. 12ஆம் நூற்றாண்டில் மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் இயற்றிய 'மானசோல்லாசம்' என்னும் வடமொழி நூல், அரசர்க்குரிய பொழுதுபோக்குகளுள் ஒன்றாக நாய் விளையாட்டையும் சேர்த்துக் கூறுகிறது. தக்காணத்து அரசவைகளில் வேட்டைநாய்க்கு இருந்த மதிப்பை இதுவும் உறுதிப்படுத்துகிறது.

உடுப்பூரும் திருக்காளத்தியும்

அதே 12ஆம் நூற்றாண்டில், இரண்டாம் குலோத்துங்க சோழன் காலத்தில், சேக்கிழார் பெரியபுராணத்தை இயற்றினார். அதில் கண்ணப்ப நாயனாரின் ஊராகிய உடுப்பூர் பொத்தப்பி நாட்டைச் சேர்ந்ததாகக் கூறப்படுகிறது. வேடர் குடியிருப்பைக் காட்டத் தொடங்கும் சேக்கிழார் விளாமரத்தையும், அதில் கட்டப்பட்ட வளைந்த காதுடைய நாய்களையும், கிளைகளில் தொங்கும் வார்வலைகளையும் முதலில் காட்டுகிறார். நாயும் வலையும் ஓரிடத்தில் வைக்கப்பட்டிருக்கும் இக்காட்சி, பெரும்பாணாற்றுப்படையின் எயினர் குடியிருப்பை நினைவூட்டுகிறது. இரண்டு நூல்களுக்கும் இடையே பல நூற்றாண்டுகள் கழிந்திருப்பினும், வேட்டுவர் இல்லம் என்றவுடன் புலவர் கண்முன் தோன்றும் பொருள்கள் மாறவில்லை.

திண்ணனாரின் கன்னி வேட்டைக்குப் புறப்படும் கூட்டத்தில், நாய்களைப் பிணித்த கயிற்றை வலிய கையினர் பிடித்துச் செல்கின்றனர். சிவந்த நாவை நீட்டி அவை முன்னே செல்லும் காட்சியை வெற்றித் திருமகளின் அடிகளோடு உவமித்துச் சேக்கிழார் பாடுகிறார். நாயின் நாவிற்கு இத்தகைய உயர்ந்த உவமை அமைவது அரிது. வேட்டையினூடே பன்றி ஒன்று வலைகளை அறுத்துக்கொண்டு ஓடுகிறது. திண்ணனாரும் நாணனும் காடனும் மட்டுமே அதனைத் தொடர்ந்து செல்கின்றனர். அவ்வோட்டமே அவர்களைத் திருக்காளத்தி மலைச்சாரலுக்குக் கொண்டுசேர்க்கிறது.

திருக்காளத்தியில் சிவகோசரியாரின் ஆகம வழிபாடும் திண்ணனாரின் ஊனமுதும் எதிர்நிற்கின்றன. ஊரினர் தூயதெனக் கருதியதும் வேடர் தூயதெனக் கருதியதும் ஒரே திருமேனியின்முன் சந்திக்கின்றன. வேடரின் ஊனுணவும் வேடரின் நாயும் ஒரே வாழ்க்கை முறையைச் சேர்ந்தவை. அவ்வாழ்க்கை முறையை முழுமையாக வருணித்த பின்னரே சேக்கிழார் அதிலிருந்து ஓர் அடியவரை எழுப்பிக் காட்டுகிறார். நாயை வருணனையிலிருந்து நீக்கி வேடரைத் தூய்மைப்படுத்த அவர் முயலவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

இழிவின் தோற்றம்

இவ்வளவு மதிப்பும் இருந்த நிலத்தில் இழிவு எங்கிருந்து வந்தது? மனுதரும நூல் ஊர்க்குப் புறத்தே வாழுமாறு ஒதுக்கப்பட்ட மக்களின் செல்வமாக நாயையும் கழுதையையும் குறிப்பிடுகிறது. நாய்ப்புலால் உண்போர் என்னும் பொருளுடைய 'சுவபசர்' என்னும் வடசொல், ஒரு மக்கட்பிரிவையே நாயோடு இணைத்து இழித்தது. இங்கு நாய் இழிந்ததாதலால் மக்கள் இழிந்தனரா, மக்கள் இழிக்கப்பட்டமையால் நாய் இழிந்ததா என்று பிரித்தறிதல் அரிது. இரண்டும் ஒன்றையொன்று வலுப்படுத்தின எனலாம்.

நாலடியார் இக்கருத்து மோதலை ஒரே நூலுக்குள் காட்டுகிறது. சினத்தை அடக்குதல் பற்றிய பாடலில், நாய் கடித்தால் அதனைத் திருப்பிக் கடிப்பாரில்லை என்னும் கருத்தின்வழி நாய் கீழோர்க்கு உவமையாகிறது. நட்பு பற்றிய பாடலிலோ யானையினும் நாய் மேலானதாகிறது. நெடுநாள் பழகிய பாகனையே யானை கொல்லக்கூடும். நாயோ தன்மீது எறிந்த வேல் உடலில் தைத்திருக்கும்போதும் எறிந்தவனைக் கண்டு வாலைக் குழைக்கும் என்பது அதன் கருத்து. முதற்பாடலில் பேசப்படுவது தெருவில் எதிர்ப்படும் பிறருடைய நாய். இரண்டாம் பாடலில் பேசப்படுவது உடையவனை அறிந்த நாய். உறவு மாறியதும் உவமையின் மதிப்பும் மாறிவிடுகிறது.

பக்தி இலக்கியத்தின் 'நாயேன்' என்னும் சொல்லையும் இந்நோக்கில் மீண்டும் ஆராயலாம். அது தாழ்வைக் குறிப்பது உண்மையே. எனினும் உடையவன் இன்றி நாய்க்கு நிலையில்லை என்னும் கருத்தும் அதனுள் அடங்கியுள்ளது. இறைவனை 'உடையான்' என்று அழைக்கும் மரபில் அடியவன் தன்னை நாய் எனக் கூறுவது, தாழ்வோடு உரிமையையும் நாடும் கூற்றாகிறது. நாயை ஊர்தியாகக் கொண்ட வைரவர் சிவன் கோயில்களில் காவல் தெய்வமாக நிற்பதும் இத்தொடர்பில் எண்ணத்தக்கது.

பிற்காலத் தொடர்ச்சி

சித்தூர்ப் பகுதி விசயநகரப் பேரரசிற்குப் பின் பாளையக்காரர் பலரின் ஆளுகையில் இருந்தது. 1801இல் ஆர்க்காட்டு நவாபின் நாடு கும்பினியார் ஆட்சிக்கு வந்ததை அடுத்து இப்பாளையங்கள் படைவலியால் ஒடுக்கப்பட்டன. தென்னிந்திய வேட்டைநாயைப் 'பாளையக்காரர் நாய்' என்று ஆங்கிலேயர் வழங்கினர். பாளையங்கள் மறைந்த பின்னரும் அவர்தம் பெயர் நாயின் பெயரில் நிலைத்தது. இந்திய அஞ்சல் துறை 2005ஆம் ஆண்டு வெளியிட்ட நாயின அஞ்சல் தலைகளுள் இராசபாளையம் நாயும் இடம்பெற்றது.

ஆயினும் வேட்டை சட்டத்தால் தடுக்கப்பட்டு, மேய்ச்சல் நிலம் சுருங்கிய காலத்தில் நாயின் பழைய தொழில்கள் அருகின. 2001, 2023 ஆகிய ஆண்டுகளில் நடுவண் அரசு வெளியிட்ட விலங்குக் கருத்தடை விதிகள், உடையவர் உள்ள நாய், தெருவில் வாழும் நாய் என்னும் வேறுபாட்டை முன்வைத்தே அமைந்துள்ளன. நாலடியார் பாடல்கள் இரண்டிலும் உணரப்படும் அதே வேறுபாடு இன்று சட்டத்தின் சொல்லாகியிருக்கிறது.

முடிவுரை

வேங்கடம் சூழ்ந்த நிலப்பகுதியில் நாய் வளர்த்தோர் தம் நாய்களுக்குப் பெயரிட்டனர், தொடரிட்டுக் கட்டினர், அவை பிடித்துத் தந்ததை விருந்தினர்க்குப் படைத்தனர், அவை இறந்தபோது கல் நாட்டினர். இவ்வழக்கங்கள் இலக்கியத்தாலும் கல்வெட்டாலும் உறுதியாகின்றன. நாயைப் பற்றிய இழிகருத்து பெரும்பாலும் இவ்வாழ்க்கைக்குப் புறத்தே நின்றோரின் கருத்தாகும். அது நாயோடு நில்லாமல் நாயை வளர்த்த வேடரையும் ஆயரையும் சார்ந்து சென்றது. ஆகவே தமிழர் நாயை எவ்வாறு மதித்தனர் என்னும் வினாவைத் தமிழருள் யார் மதித்தனர் என்று திருத்திக் கேட்பதே முறையாகும்.

இம்முடிவு களஆய்வுக்கும் ஒரு கடமையை உணர்த்துகிறது. எழுத்துள்ள கற்களே ஆய்வாளரின் கவனத்தைப் பெரிதும் ஈர்க்கின்றன. எழுத்தின்றி உருவம் மட்டும் கொண்ட நடுகற்கள் வயல் வரப்புகளிலும் ஏரிக்கரைகளிலும் சிதைந்து மறையும் நிலையில் உள்ளன. அவற்றில் வீரனின் காலருகே நிற்கும் சிறிய உருவத்தை அணியென்று கருதி விட்டுவிடுதல் கூடாது. எடுத்தனூர்க் கல்லில் அந்த ஒரு வரி எழுதப்படாமல் போயிருப்பின் கோவிவனும் பெயரற்ற உருவமாகவே எஞ்சியிருக்கும். பெயர் எழுதப்படாத கற்களிலும் ஊரார் பெயரிட்டு அழைத்த நாய்கள் நின்றிருக்கலாம் என்னும் எண்ணத்தோடு அவற்றைப் பதிவு செய்தல் வேண்டும்.